பழைய ஸ்பிளிட் கேன் ஃப்ளை ராடு: நுனி ஒடிந்து, பூண் ஆடுகிறது. மறுபடி வீச முடியுமா?

மாட்டுப்பட்டி டீ

வணக்கம். மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட் பங்களா ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது வந்த ராடு இது, செயற்கை ஈயைத் தூண்டிலாக வீசி மீன் பிடிக்கும் கோல். ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த ஸ்பிளிட் கேன். 9 அடி, மூன்று துண்டு. கைப்பிடிக்கு மேல் கறுப்பு மையில் எழுதியிருப்பதில் 'பலக்கோனா' மட்டும் படிக்க முடிகிறது, அதனால் ஹார்டி என்ற இங்கிலாந்து கம்பெனியின் ராடு என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது.

நுனித் துண்டு உச்சியிலிருந்து 18 செ.மீ. கீழே ஒடிந்திருக்கிறது. ஒடிந்த துண்டு கைவசம் உண்டு. நேராக முறியவில்லை, 3 செ.மீ. நீளத்துக்குச் சிராய் சிராயாகக் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தில் முகத்துக்கு முகம் 2.3 மி.மீ. மாற்று நுனி இல்லை. நடுத் துண்டின் மேல்பூண் (துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்) ஆடுகிறது. லேசாக வளைத்தாலே 'டிக் டிக்' சத்தம். அடித்துண்டில் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, இரண்டு பட்டைகளுக்கு நடுவில் 10 செ.மீ. நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது. பிளேடு முனை நுழைகிறது. நூல்கட்டெல்லாம் தொட்டால் உதிர்கிறது. லைன் (தூண்டில் நூல்) ஓடும் வளையங்களில் இரண்டைக் காணோம். அடிவளையத்து அகேட் கல்லில் மயிரிழை விரிசல்.

சுவரில் மாட்ட அல்ல, அனுமதி வாங்கி ட்ரௌட் மீனுக்கு வீசத்தான். எந்த வேலையை முதலில் எடுப்பது? நுனிக்கு ஐந்து நிமிட அரால்டைட் போட்டு, மேலே சின்னப் பித்தளைக் குழாய் ஏற்றினால் போதுமா?

போடிமெட்டுப் பட்டறை

பித்தளைக் குழாயை மறந்துடுங்கண்ணே. ராடு முழு நீளத்துக்கும் வளையணும். நடுவுல 4 செ.மீ. வளையாத குழாய் உட்கார்ந்தா, வளைவோட பாரமெல்லாம் குழாயோட ரெண்டு வாய்லயும் குவியும். அடுத்த ஒடிவு குழாய்க்கு ஒட்டுன மாதிரியே வரும், அப்ப சேர்த்து ஒட்ட நீளம் மிஞ்சாது. ஐந்து நிமிடப் பசையும் ஆகாது. மூங்கில் நாருக்குள்ள ஊறுறதுக்கு முன்னாடியே இறுகிடும், ஈரத்தையும் தாங்காது.

வரிசை இப்படி வைங்க: முதல்ல காயவைக்கிறது, அப்புறம் எந்தப் பசைன்னு பார்க்கிறது, பிளந்த பட்டை, பூண், நுனி, கடைசியா நூல்கட்டும் வார்னிஷும்.

காயவைக்கிறதை யாரும் மதிக்கிறதில்லை, ஆனா மூணாறு ஸ்டோர்ல மழைக்காலம் முழுக்கக் கிடந்த மூங்கில் ஈரத்தைக் குடிச்சுத்தான் இருக்கும். அந்த நிலையில ஒட்டினா பசை பிடிக்கும், பிறகு காயக் காய மூங்கில் சுருங்கி பூண் மறுபடி ஆடும். நீளமான மரப்பெட்டி இல்லைன்னா 4 இஞ்ச் பி.வி.சி. பைப்பை நிறுத்திவச்சு, அடியில 40 வாட் குண்டு பல்பு, மேல ஆவி போக ஓட்டை. உள்ளே சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது; தெர்மாமீட்டர் போடுங்க. நகை நிறுக்கிற சின்னத் தராசுல தினமும் ஒரே நேரத்துல எடை பாருங்க. எடை குறையறது நின்னா காய்ஞ்சாச்சு.

பசை எதுன்னு தெரியாம, பூணைச் சூடு காட்டிக் கழட்ட விளக்கைப் பத்த வைக்காதீங்க. இரண்டாம் உலகப் போருக்கு முந்தின ராடுன்னா அநேகமா வச்சிரம், அதாவது ஆசாரிமார் முன்னாடி காய்ச்சுன தோல் பசை. அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், 60 டிகிரி வாக்குலயே பிடி விட ஆரம்பிக்கும். போருக்கப்புறம் ரெசின் பசை வந்துச்சு, அது இவ்வளவு லேசுல விடாது. அடித்துண்டுல பிளந்த வாய்க்குள்ளேருந்து மிளகளவு பசையைச் சுரண்டி வெதுவெதுப்பான தண்ணியில போட்டுப் பாருங்க. வழுவழுன்னு ஊறி விரல்ல ஒட்டுனா வச்சிரம். கல்லாட்டம் அப்படியே கிடந்தா ரெசின். கருஞ்சிவப்புக் கோடா தெரிஞ்சா ரெசார்சினால்ங்கிற ரெசின் வகை.

ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மெல்லிய நூல்கட்டு இருந்த தடம் தெரியுதான்னும் பாருங்க. வச்சிரத்தை நம்ப முடியாத காலத்துல, பசை விட்டாலும் பட்டை பிரியாம இருக்கணும்னுதான் அப்படிச் சுத்துனாங்க. தடம் இருந்தா பழைய ராடுங்கிறதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வளையமும் எங்க இருந்துச்சுன்னு பூண் விளிம்புலேருந்து அளந்து எழுதுங்க. வார்னிஷ்ல வளையத்தோட நிழல் விழுந்திருக்கும், காணாமப்போன ரெண்டுக்கும் அதுதான் அத்தாட்சி. மையில எழுதுன பகுதியையும் எண்ணையும் போட்டோ எடுத்துட்டு, அந்தப் பகுதி வார்னிஷைச் சுரண்டாம விடுங்க. அது போனா விலையும் போச்சு.

மாட்டுப்பட்டி டீ

சோதித்துவிட்டேன். ஊறி ஒட்டுகிறது, வச்சிரம்தான். அங்குலத்துக்கு ஒரு நூல்கட்டின் தடமும் இருக்கிறது. பிளந்த இடத்துக்கு ஃபெவிகால் போதுமா? பூணை எப்படிக் கழற்றுவது? சூடு காட்டினால் மூங்கிலின் பசையும் விடும் என்கிறீர்களே.

போடிமெட்டுப் பட்டறை

வெள்ளைப் பசை வேண்டாம். மர வேலைக்கு அருமையான பொருள்தான், ஆனா தொடர்ந்து பாரம் ஏறுற இடத்துல மெல்ல நகரும். ராடு வளைஞ்ச இடத்துலயே வளைஞ்சு நிக்கும்.

மெதுவா இறுகுற சாதா அரால்டைட் வாங்குங்க, ரெண்டு டியூப்பும் சம அளவு. குழைச்ச பசையை வெந்நீர்ல மிதக்கிற சின்ன மூடியில ரெண்டு நிமிஷம் வச்சா தண்ணியாட்டம் ஓடும். பிளந்த வாயை அகலப்படுத்தாதீங்க. பழைய பசையைப் பழைய பிளேடோட முதுகால சுரண்டி எடுங்க, ஸ்பிரிட்ல நனைச்ச தையல் நூலை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தா மிச்சமும் வரும். வச்சிரத்தைத் தண்ணியாலயும் எடுக்கலாம், ஆனா அந்த ஈரம் பக்கத்துல நல்லா இருக்கிற ஒட்டையும் கிளப்பிடும். அதே நூல் வழியா அரால்டைட்டை உள்ளே ஏத்துங்க. அப்புறம் பருத்தி நூலால ஒரு திசையில சாய்வாச் சுத்திட்டு, எதிர்த்திசையில திரும்பி வாங்க. ஒரே திசையில சுத்தினா ராடு முறுக்கிக்கும். நூல் ஏறுனதும் ஒரு கண்ணை மூடி ஒவ்வொரு முகமாப் பார்த்து, வளைஞ்சிருந்தா அப்பவே கையால நேராக்குங்க. மிச்சப் பசையை வினிகர் தொட்ட துணியால துடைங்க. மூணாறு ராத்திரிக் குளிருக்கு 24 மணி நேரம் பத்தாது. பல்புப் பெட்டிக்குள்ள ஒரு நாள், இல்லைன்னா வெளியில மூணு நாள்.

இப்ப பூண். ஆட்டம் எங்கேன்னு தெளிவாத் தெரிஞ்சுக்கணும். ஆண் பூணைப் பெண் பூண்ல மாட்டிட்டு மெதுவா வளைங்க. ரெண்டு உலோகத்துக்கு நடுவுல அசைவுன்னா தேய்மானம். பூணுக்கும் மூங்கிலுக்கும் நடுவுல 'டிக்'குன்னா பசை விட்டிருக்கு. உங்களது ரெண்டாவதுதான்.

பூணோட பக்கத்துல கடுகுப் பொட்டாட்டம் ஒரு புள்ளி இருக்கும்; ஊசிமுனையளவு கம்பி குறுக்கே அடிச்சிருப்பாங்க. அதைக் கவனிக்காம இழுத்தா மூங்கில் கிழிஞ்சு வரும். 1 மி.மீ. டிரில் பிட்டைக் கையாலயே திருகி அதை எடுங்க. பிறகு பூணுக்குக் கீழே மூங்கில் மேல ஈரத்துணியை ரெண்டு மூணு சுத்து சுத்துங்க, வச்சிரத்தைக் காப்பாத்துறது அதுதான். ஸ்பிரிட் விளக்குல பூணை மட்டும் உருட்டிக்கிட்டே ஐஞ்சாறு விநாடி காட்டணும், எடுத்து இழுத்துப் பார்க்கணும், வரலைன்னா மறுபடி. பழைய பூணெல்லாம் அரக்குக் கலந்த பசையில உட்கார்ந்திருக்கும், சீக்கிரம் இளகும். நேரா இழுக்கணும், திருகவே கூடாது. ஆறு பட்டையும் நீளவாக்குல நிக்குது. திருகுனா ஒட்டெல்லாம் ஒரே நேரத்துல வாய் பிளக்கும்.

மறுபடி ஏத்தும்போது ரெண்டு விஷயம். பூண் உள்பக்கத்தை 220 உப்புத்தாளால சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டால துடைங்க. பளபளப்பான நிக்கல் சில்வர்ல எந்தப் பசையும் நிக்காது. ரெண்டாவது, மூங்கில் முனையில ஒரு முகத்துல கத்தி நுனியால மெல்லிய கீறல் ஒண்ணு நீளவாக்குல போடுங்க. இல்லைன்னா உள்ளே அடைபட்ட காத்து சைக்கிள் பம்பு மாதிரி பூணை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும், காலையில பார்த்தா 2 மி.மீ. மேலே வந்திருக்கும். மூங்கில் சுருங்கி இடைவெளி அதிகமா இருந்தா பட்டு நூலை இடைவெளி விட்டு ஒரு சுத்து சுத்திட்டு ஏத்துங்க. குறுக்குக் கம்பி திரும்ப அடிக்க வேண்டாம், அரால்டைட்டே போதும். பூண் விளிம்புல இருந்து 2 மி.மீ. தள்ளி மூங்கில் ஒடியறதுக்கு அந்தக் கம்பி ஓட்டைதான் பாதிக் காரணம்.

உடுமலை மூங்கில்காரன்

நுனி ஒட்டறதைப் பத்திச் சொல்றேனுங்க. சாய்வு ஒட்டுத்தான் போடோணும். ரெண்டு முனையையும் நீளமான சரிவா இழைச்சு, ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைக்கிறது. சரிவு நீளம் கனத்தைப் போல 20 மடங்குக்குக் குறையக் கூடாதுங்க. உங்களுக்கு 2.3 மி.மீ., அப்ப 46 மி.மீ. கணக்கு வருது, 55 வச்சுக்குங்க. 10 மடங்குல ஒட்டுனா ஒட்டு தாங்கும், ஆனா அந்த இடம் வளையாம முட்டும்.

நீளம் குறையுங்கிறதை இப்பவே ஒத்துக்குங்க. படுக்கிற 55 மி.மீ. போகும். சிராய் கிழிஞ்ச நாரை வெட்டி எறியாதீங்க. ஒடிஞ்ச ரெண்டு பக்கத்துலயும் முதல்ல தண்ணியா அரால்டைட் ஊத்தி, நாரையெல்லாம் படிய வச்சு, பிளாஸ்டிக் சுத்திக் கட்டி இறுக விட்டுட்டு, அப்புறமா அந்தப் பகுதி வழியாவே சரிவு எடுங்க. வெட்டிட்டு எடுத்தா இன்னும் 3 செ.மீ. போயிருமுங்க.

கைப்பிடிமானத்துல சரிவு நேரா வராது. ஒரு ஜிக் பண்ணிக்கிடணும். 12 செ.மீ. தேக்குக் கட்டையில ராடு ஒரு முகத்துல படிஞ்சு உட்கார்ற மாதிரி பள்ளம். பள்ளத்தோட அடி ஒரு முனையில 2.3 மி.மீ. ஆழம், 55 மி.மீ. தள்ளி சுழியம். ராடை அதுல இரட்டை ஒட்டு டேப்பால ஒட்டி, பள்ளத்துக்கு மேல நிக்கிறதையெல்லாம் தேய்க்கோணும். கண்ணாடித் துண்டு மேல 320 உப்புத்தாள் ஒட்டித் தேய்ச்சா சமமா வரும். அரம் எடுத்தா முனை உருண்டு போயிருமுங்க. கட்டையோட மேல்பரப்பை உப்புத்தாள் தொட்டதும் நிறுத்திக்குங்க. ரெண்டு துண்டுக்கும் அதே ஜிக்.

சரிவோட கூர்முனை எந்த முகத்துல வருதுன்னும் பாருங்க. வளையம் உட்கார்ற முகத்துலயும் அதுக்கு நேர் எதிர் முகத்துலயும் இழுப்பு அதிகம். கூர்முனை அங்கே வந்தா முதல்ல உரிய ஆரம்பிக்கிறது அதுதானுங்க. பக்கத்து முகத்துல வரட்டும்.

ஒட்டும்போது ரெண்டு பரப்புலயும் மெல்லிசாத் தடவி அஞ்சு நிமிஷம் விடுங்க, நார் வாய் குடிச்சுக்கும். மறுபடி ஒரு தடவல், அப்புறம் சேருங்க. இடுக்கி போட்டு நசுக்கக் கூடாது, பசையெல்லாம் வெளிய போயி ஒட்டு பட்டினி கிடக்கும். நூல் சுத்தோட இறுக்கமே போதும். முகங்கள் ஒரே கோட்டுல இருக்குதான்னு உருட்டிப் பார்த்துட்டு, உச்சியில நூல் கட்டித் தொங்க விடுங்க, கீழ 100 கிராம் எடை. நேரா நிக்கும்.

இறுகுனதுக்கு அப்புறம் ஒட்டுல ஒரு சின்னப் படி தெரியும். ராடு நுனியைப் பார்த்துக் கூம்பிப் போகுதல்லங்களா, நடுவுல 55 மி.மீ. எடுத்துட்டதால கீழ்த்துண்டு மேல்துண்டை விட 0.2 மி.மீ. வாக்குல தடிச்சு நிக்கும். அந்தப் படியை நூல்கட்டு மறைக்கிற அளவுக்குள்ள மட்டும் தேய்ச்சுக் கூட்டுங்க. அதுக்கு மேல கீழ்த்துண்டுல உப்புத்தாள் படக் கூடாது. மூங்கிலோட பலமெல்லாம் வெளித்தோலை ஒட்டின நார்ல இருக்குது. விறைப்பு கனத்தோட நான்காம் படியில போறதால 2.3 மி.மீ.ல 0.1 தேய்ச்சாலே விறைப்புல ஆறுல ஒரு பங்கு போயிரும். பழைய வார்னிஷை உப்புத்தாளால எடுக்கிறவங்க ராடைக் கெடுக்கிறது இப்படித்தானுங்க. பிளேடை நிமிர்த்திப் புடிச்சு வார்னிஷை மட்டும் சுரண்டுங்க.

மாட்டுப்பட்டி டீ

ஒடிந்த துண்டிலேயே உச்சிக்கு 5 செ.மீ. கீழே இன்னொரு முகத்தில் சிராய் கிளம்பியிருக்கிறது. அந்தத் துண்டு தேறாது என்றால் புதுமூங்கிலில் செய்யலாமா? சின்னாறு வழியில் காடு முழுக்க மூங்கில்தானே.

உடுமலை மூங்கில்காரன்

சின்னாறு வனவிலங்கு சரணாலயமுங்க, அங்கே ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது. 2017 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் காட்டுக்கு வெளிய, பட்டா நிலத்துல விளைஞ்ச மூங்கிலு மரக் கணக்குல வராது. அதைக் காசு குடுத்து வாங்கிக்கலாம்.

வாங்கறதுன்னா கல்மூங்கில். முள்மூங்கில் வேண்டாம், உள்ளே பொள்ளல் பெருசு, வெளி நாரும் அடர்த்தி பத்தாது. லத்திக்குப் போறது கல்மூங்கில்தான், அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கெட்டியா இருக்கும். உங்க ராடு அநேகமா டாங்கின் மூங்கில், சீனாவுல குவாங்டாங் பக்கம் விளையறது. அது பிரபலமாறதுக்கு முந்தி ராடு செய்யறவங்க நம்ம நாட்டுலருந்து போன கல்கத்தா மூங்கிலைத்தான் வச்சிருந்தாங்க. டாங்கின் அளவு விறைப்பு நம்ம மூங்கிலுக்கு இல்லை, ஆனா 18 செ.மீ. நுனிக்கு அது பெரிய குறை இல்லைங்க. பச்சை மூங்கில் ஆகவே ஆகாது. பழைய ஏணிச் சட்டம் கிடைச்சா அதுதான் தங்கம். வருஷக்கணக்கா நிழல்ல காய்ஞ்சிருக்கும். பூச்சித் துளை இருந்தா தட்டிப் பாருங்க, வெள்ளை மாவு கொட்டினா விட்டுருங்க.

ஆறு பட்டை இழைக்க 60 டிகிரி ஃபார்ம் (பட்டையை வச்சு இழைக்கிற பள்ள அச்சு) வேணும், வீட்டுல முதல் முயற்சிக்கு அது கஷ்டம். உங்க சிராய் ஒரே முகத்துல, மேலாக இருந்தா புதுசு செய்ய வேண்டாம். பசை ஊத்திப் படிய வச்சு, மேல பட்டு நூல் சுத்துனா நிக்கும். விரல் நகத்தால தூக்குனா நார் அடிவரைக்கும் எழுந்து வருதான்னு மட்டும் பாருங்க; வந்தா அது தேறாது.

நூல்கட்டு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த நுனிக்கு இவ்வளவு வேலை தேவையா என்று கேட்க வேண்டும். ஒடிந்த 18 செ.மீ.யை விட்டுவிட்டு, சிராயை நீக்கி, பெரிய உச்சி வளையம் மாட்டினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். 2.3 மி.மீ. முனைக்கு 6/64 அங்குலக் குழாய் உள்ள உச்சி வளையம் சரியாக வரும். ராடு விறைப்பாகும், ஒரு எண் கூடுதல் கனமுள்ள லைன் கேட்கும். பட்டாம்பூச்சி எடையில் வந்து விழ வேண்டிய ஈ கொஞ்சம் தொப்பென்று விழும். வேகமாக ஓடும் தண்ணீரில் மீனுக்கு அது ஒரு பொருட்டல்ல. குளம் போல நிற்கும் தண்ணீர் என்றால் ஒட்டத்தான் வேண்டும்.

எனக்கு இந்தத் துண்டில் ஒட்டுவதே சரியென்று படுகிறது. மாற்று நுனி இல்லாத ராட்டில் நீளத்தை வெட்டினால் திரும்ப வழியில்லை. ஒட்டு தோற்றால் பிறகும் வெட்டிக்கொள்ளலாம்.

நூல்கட்டுக்கு வருகிறேன். கடையில் 'பட்டு நூல்' என்று தரும் ஆரி நூல்களில் பெரும்பாலானவை ரேயான். ஒரு இழையைக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றத்தோடு, நசுக்கினால் பொடியாகும் சாம்பல் வந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசம் வந்தால் ரேயான், அது ஈரத்தில் பலம் இழக்கும். உருகி மணியானால் பாலியெஸ்டர் அல்லது நைலான். முறுக்கேறிய மெல்லிய தையல் பட்டு நூல்தான் வேண்டும். பட்டு வார்னிஷைக் குடித்ததும் ஏறக்குறைய கண்ணாடியாகி, அடியில் உள்ள மூங்கில் தெரியும். பச்சையோ சிவப்போ அப்படியே நிற்க வேண்டுமென்றால் வார்னிஷுக்கு முன் நீரில் கரையும் அக்ரிலிக் பூச்சு இரண்டு முறை. ஒட்டின் மேல் போடும் கட்டுக்கு வெள்ளைப் பட்டு எடுங்கள், வார்னிஷுக்குப் பின் கண்ணுக்கே தெரியாது.

வளையத்தின் கால் முனையை அரத்தால் காகிதம் போல மெலிதாக்குங்கள். முனை தடித்திருந்தால் நூல் அதன் மேல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். அடியில் பர் (உலோகப் பிசிறு) இருந்தால் வளையும் ஒவ்வொரு முறையும் மூங்கிலை அறுக்கும். ஒரு காலை டேப்பால் ஒட்டி, மறு காலில் தொடங்குங்கள். மூங்கில் பக்கத்திலிருந்து வளையத்தை நோக்கிச் சுற்ற வேண்டும். நூலின் தொடக்க நுனியை முதல் ஆறு சுற்றுக்கு அடியில் சிறைப்பிடித்து, மீதியை வெட்டிவிடுங்கள். ராடைத்தான் உருட்ட வேண்டும், நூல் கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து இழுபட்டு வரட்டும், இறுக்கம் ஒரே சீராக இருக்கும். முடிவுக்கு எட்டுச் சுற்று முன்னால் மெல்லிய தங்கூசியை வளைத்து ஒரு கண்ணியாக வைத்து அதன் மேலேயே சுற்றிப் போங்கள். கடைசி நுனியைக் கண்ணியில் கோத்து இழுத்தால் சுற்றுக்கு அடியில் புகுந்து எதிர்ப்பக்கம் வெளியே வரும். இறுக்கி, கூரான பிளேடால் அடியோடு வெட்டுங்கள். பேனா மூடியின் வழவழப்பான பக்கத்தால் தேய்த்தால் நூல்கள் நெருங்கி இடைவெளி மூடும். வளையம் கொஞ்சம் கோணலாக இருந்தால் வார்னிஷுக்கு முன் விரலால் தள்ளிக்கொள்ளலாம், ஆகவே நூலைக் கம்பி போல இறுக்க வேண்டாம்.

9 அடிக்கு உச்சி வளையம் நீங்கலாக ஒன்பது வளையம் வழக்கம். பாம்பு வளையம் (நெளிந்த கம்பி வளையம்) என்றால் நுனிப்பக்கம் 1ஆம் எண், நடுவில் 2, கீழே 3. விரிசல் விட்ட அகேட்டைக் கழற்றி டப்பியில் வைத்துவிட்டு செராமிக் வளையம் போடுங்கள். மயிரிழை விரிசல்தானே என்று விட்டால் லைனின் மேற்பூச்சைச் சீவி எடுத்துவிடும். அங்குலத்துக்கு ஒரு கட்டைத் திரும்பப் போடுவது உங்கள் இஷ்டம். வச்சிரம் இன்னும் உள்ளே இருப்பதால் நான் போடச் சொல்வேன்.

வார்னிஷ்: எண்ணெய் அடிப்படையிலான ஸ்பார் வார்னிஷ். முதல் பூச்சில் மட்டும் ஐந்துக்கு ஒன்று டர்பென்டைன் கலந்து நூலுக்குள் ஊறவிடுங்கள். நூல்கட்டுக்கு நான்கு பூச்சு, மூங்கிலுக்கு இரண்டு. பூச்சுக்குப் பூச்சு இரண்டு நாள், நடுவில் 1200 ஈர உப்புத்தாள் வார்னிஷின் மேல் மட்டும் பட்டும் படாமல். ஜூன் முதல் நவம்பர் வரை மூணாறில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரக்காற்றில் வார்னிஷ் வெளுத்துப்போகும், ஒரு வாரம் ஆனாலும் விரல் ரேகை பதியும். டிசம்பர் முதல் மார்ச் வரை உச்சி வெயில் நேரம்தான் அங்கே வார்னிஷுக்கு நல்ல நேரம்.

மலம்புழா கெண்டை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது மூங்கில் அல்ல, எழுபதுகளின் ஃபைபர் கிளாஸ் ராடு, உள்ளே பொள்ளல். நடுவில் நேராக முறிந்துவிட்டது. இதற்கும் சாய்வு ஒட்டா?

போடிமெட்டுப் பட்டறை

இல்லை, அதுக்கு உள்குச்சி. வேற பழைய கிளாஸ் ராடோட நுனித் துண்டு ஒண்ணு தேடுங்க. அகலமான பக்கத்துலருந்து உள்ளே விட்டா முறிஞ்ச இடத்துல வந்து சிக்குற கனம் வேணும். ரெண்டு பக்கமும் வெளி விட்டத்தைப் போல அஞ்சு மடங்கு உள்ளே போகணும், 8 மி.மீ.ன்னா பக்கத்துக்கு 4 செ.மீ. இரும்புக் கம்பியோ ஆணியோ வைக்காதீங்க, குழாய்க்குச் சொன்ன அதே காரணம்தான். உள்குச்சியோட ரெண்டு முனையையும் உள்பக்கமாக் கூம்பு போலக் குடைஞ்சு மெலிசாக்கினா பாரம் திடீர்னு ஏறாது. முறிஞ்ச விளிம்பைச் சதுரமாத் தேய்ச்சு, அரால்டைட், வெளியே 3 செ.மீ.க்கு நூல்கட்டு. தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க, கண்ணாடித்தூள் நுரையீரலுக்கு ஆகாது. மலம்புழாக் கட்லா இழுத்தாலும் தாங்கும்.

மாட்டுப்பட்டி டீ

எல்லோருக்கும் நன்றி. பிளவும் பூணும் முடிந்து, நுனி ஒட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு சின்னக் கேள்வி மிச்சம். தக்கைக் கைப்பிடியில் பூச்சித் துளைகள். அடுத்து, எத்தனையாம் எண் லைன் போடுவது என்று ராட்டில் எதுவும் எழுதியில்லை.

நூல்கட்டு

தக்கையைச் சோப்புப் பொடியும் பச்சை நிறப் பாத்திர நாரும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள், தண்ணீர் மூங்கில் பக்கம் போகாமல். பாட்டில் தக்கையை அரத்தால் ராவி அந்தப் பொடியை மரப் பசையில் குழைத்துத் துளைகளில் அடைத்து, காய்ந்ததும் 320ஆல் சமப்படுத்துங்கள். இங்கே வெள்ளைப் பசை போதும், வளையும் பாரம் இல்லை.

பூணில் எண்ணெய் போடாதீர்கள், தூசு ஒட்டி அரைக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும். சிக்கிக்கொண்டால் பெண் பூணைக் கையால் அழுத்திப் பிடித்துச் சூடாக்கி, ஆண் பக்கம் ஐஸ் வைத்து, நேராக இழுப்பது. உறையில் போடுமுன் ராடு முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அலுமினியக் குழாயில் மூடினால் வச்சிரம் மறுபடி விடும். துணிப்பையில் தொங்கவிடுவது மேல்.

போடிமெட்டுப் பட்டறை

லைனுக்கு: அந்தக் காலத்து ராடு பட்டு லைனுக்காகச் செஞ்சது, எண்ணுக்குப் பதிலா எழுத்துதான் இருக்கும். எச்.டி.எச். போட்டிருந்தா இன்னைக்கு 6ஆம் எண்ணுன்னு எடுத்துக்கலாம். உங்களதுல ஒண்ணும் இல்லாததால கையாலதான் பார்க்கணும். லைனோட முதல் 30 அடி எடைதான் கணக்கு, அதாவது 9.14 மீட்டர். 5ஆம் எண் 9.1 கிராம், 6ஆம் எண் 10.4, 7ஆம் எண் 12. கடைக்காரர் அட்டையை நம்பாம, ராடைக் காயவைக்கும்போது எடை பார்த்த அதே தராசுல வச்சுப் பாருங்க.

நுனியில புது ஒட்டு இருக்கிறதால 5ல ஆரம்பிங்க. புல்வெளியில, கொக்கி இல்லாம கம்பளி நூல் துண்டு கட்டி, 6 மீட்டருக்கு மேல போகாம வீசுங்க. சத்தம் வந்தா உடனே நிறுத்திட்டு எந்த இடம்னு விரல் வச்சுப் பாருங்க. சத்தமில்லாம, ராடு நடுவரைக்கும் வளைஞ்சு கொடுத்தா 5 சரி. நுனி மட்டும் ஆடி லைன் சரிஞ்சு விழுந்தா 6. எரவிகுளம் 1978லருந்து தேசியப் பூங்கா, அதனால சோதனை வீச்சுன்னு சொல்லிக்கிட்டு அந்த ஓடைப்பக்கம் ராடோட போய் நிக்காதீங்க. அனுமதிச்சீட்டு கைக்கு வர்ற வரைக்கும் புல்வெளிதான்.